இருநூற்றைம்பது மில்லி காஸ்டிக்

எங்கள் கம்பெனியில் இப்போது கலவைப் பிரிவைக் கவனித்துக்கொள்ளும் ரேவதி போன மாதம் போன் செய்தாள். புதிதாகச் சேர்ந்திருப்பவர்களுக்கு நான் வந்து ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம்.

"உங்க சர்வீஸ்ல நடந்தது ரெண்டு மூணு சொல்லுங்க மேடம். நல்லதாப் பார்த்துச் சொல்லுங்க. பசங்க பயந்துடப் போறாங்க" என்றாள்.

நேரில் நின்று பேச எனக்குத் தெம்பு இல்லை, எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் நல்லது எதுவும் முன்னால் வரவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பார்த்த வேலையைவிட, ஓய்வு பெற்று ஒன்றரை வருஷம் கழித்து, என் வீட்டுக்கு இரண்டு மாடி மேலே நடந்ததுதான் திரும்பத் திரும்ப வருகிறது. நடந்து மாதங்கள் ஆகிவிட்டன. இன்னமும் யாராவது மாடியில் உரக்கக் கூப்பிட்டால் கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுகிறேன்.

அந்தக் கதை புரிய வேண்டுமானால் கம்பெனியிலிருந்தே தொடங்க வேண்டும்.

வேதியியலில் பி.எஸ்சி. முடித்த கையோடு அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். பாத்திரம் துலக்கும் லிக்விட், தரை துடைக்கும் லிக்விட், ஃபினாயில் எல்லாம் செய்கிற நடுத்தரக் கம்பெனி. முதல் இரண்டு வருஷம் சோதனைக் கூடத்தில் கண்ணாடிக் குடுவைகளைக் கழுவினேன், லிக்விடில் காரம் எவ்வளவு என்று பார்த்தேன், நோட்டில் குறித்தேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றுமில்லை. மூன்றாம் வருஷம் கலவைப் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கேதான் ஞானசேகரன் சார் இருந்தார்.

ஆவடியில் பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் ஊழியர் குடியிருப்பில் வளர்ந்தவர். அங்கிருந்தே சைக்கிளில் வருவார். சட்டைப் பையில் பேனா இருக்காது, பென்சில்தான் இருக்கும். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஏதாவது ஒரு கலவை கெட்டுப்போனால், காலி கேன் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அந்தத் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார். கெடுத்தவர் கையில் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுப்பார்.

"உன் கை என்ன செஞ்சதுன்னு வரிசையா எழுது. மனசு என்ன நெனச்சதுன்னு எழுதாதே. அது எனக்கு வேண்டாம்."

'நான் சரியாகத்தான் போட்டேன் சார்' என்று யாராவது எழுதினால் அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார். 'மூட்டையைப் பிரித்தேன், மக்கால் அள்ளினேன், ஏழு மக் போட்டேன்' என்று எழுத வேண்டும். எழுதிக்கொண்டு போகும்போதே பாதிப் பேருக்குத் தப்பு எங்கே என்று தெரிந்துவிடும். தலையைச் சொறிந்துகொண்டு நிமிர்வார்கள். அவர் சிரிக்கவும் மாட்டார், திட்டவும் மாட்டார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து போவார்.

நானும் அந்தத் தாளை ஒரு முறை எழுதியிருக்கிறேன். விற்பனையாளர் கூட்டத்துக்கு மாதிரி கொடுக்க இருபது லிட்டர் லிக்விட் வேண்டும் என்றார்கள். எங்கள் தொட்டி ஆயிரம் லிட்டர். அளவு அட்டையை எடுத்து எல்லாவற்றையும் ஐம்பதால் வகுத்தேன். ஒரு வாளியில் கலந்தேன். கடைசியில் உப்பு போட வேண்டும். உப்பு போடப் போடத்தான் அந்த லிக்விட் தேன்போலக் கெட்டியாகும். கணக்குப்படி நிறுத்து, மொத்தத்தையும் போட்டேன். கெட்டியானது போல ஒரு கணம் தெரிந்தது, அடுத்த கணம் வெறும் தண்ணீராகிவிட்டது. உப்பு ஒரு எல்லையைத் தாண்டினால் அப்படித்தான் ஆகும் என்று பாடத்தில் படித்திருந்தேன். ஆனால் அட்டையில் இருந்த அளவுதானே அது?

தாளை எழுதிக் கொடுத்தேன். சார் படித்துவிட்டு, தொட்டியில் கலக்கும் பெருமாளைக் கூப்பிட்டார்.

"உப்பு எவ்வளவு போடுறே?"

பெருமாள் சிரித்தான். "அட்டையில எழுதிகிறத முச்சூடும் எவன் சார் போடுவான்? கொஞ்சம் கொஞ்சமா வுட்டுகினே இருப்போம். பதம் வந்தா நிறுத்திக்குவோம். மீதி மூட்டையிலயே கெடக்கும்."

சார் என்னைப் பார்த்தார். "அட்டையைச் சுருக்கிட்டே. வேலையைச் சுருக்கலையே" என்றார்.

அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. அதை நான் மறந்ததாக ஞாபகமே இல்லை. எத்தனையோ பேருக்குச் சொல்லியும் இருக்கிறேன். சொல்லிக்கொண்டே இருந்ததால் அது என் கையில் ஏறிவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

காஸ்டிக் சோடா பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளைச் சில்லுகளாக மூட்டையில் வரும். பாத்திர லிக்விடுக்கு நுரை கொடுப்பது ஆசிட் ஸ்லரி என்கிற பழுப்பு நிறப் பிசுக்குத் திரவம். அதன் புளிப்பை அடக்குவதற்குத்தான் காஸ்டிக். ஆனால் மூட்டையிலிருந்து நேராகத் தொட்டியில் கொட்ட மாட்டோம். முதல் நாளே அதற்கென்று தனியாக ஒரு ஆள், கண்ணுக்குக் கண்ணாடி, தோல் ஏப்ரன், முழங்கை வரை கையுறையோடு, கலவைத் தொட்டிகளுக்கு மேலே மாடத்தில் இருக்கும் தனித் தொட்டியில் நிறையத் தண்ணீர் பிடித்து, ஒவ்வொரு கரண்டியாகச் சில்லைத் தூவிக் கரைப்பார். தொட்டி கொதிக்கக் கொதிக்கச் சுடும். ஒரு நாள் முழுக்க ஆற விடுவோம். மறுநாள் அந்தக் கரைசல் குழாய் வழியாகக் கீழே வரும். கலக்குகிறவர்கள் "காஸ்டிக் தொற!" என்று கத்துவார்கள். வால்வைத் திறந்தால் லிட்டர் கணக்கில் இறங்கும்.

ஆக, முப்பது வருஷம் எனக்குக் காஸ்டிக் என்றால் வால்வைத் திறந்தால் வருகிற, ஆறிப்போன ஒரு தண்ணீர். அட்டையிலும் 'காஸ்டிக்' என்று ஒரே சொல்தான் இருக்கும். எங்கள் எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு கள்ளிக்குப்பத்தில் எங்கள் ஃபிளாட்டில் இரண்டாம் மாடியில் சும்மா இருந்தேன். ஒன்றரை வருஷம் யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அது எவ்வளவு உறுத்துகிறது என்று வித்யா வந்து கேட்ட அன்றுதான் தெரிந்தது.

வித்யா நான்காம் மாடி. மதுரைப் பெண், ஐ.டி.யில் வேலை, பாதி நாள் வீட்டிலிருந்தே பார்க்கிறாள். அவளுடைய மகளுக்குக் கை விரல்களில் அரிப்பு வந்து தோல் உரிந்துகொண்டிருந்தது.

"கடையில வாங்குறதுல என்ன போடுறாய்ங்கன்னே தெரியல ஆன்ட்டி. நீங்க முப்பது வருஷம் செஞ்சவுக. வீட்டு அளவுக்குச் சுருக்கி எழுதித் தாங்களேன். நம்ம ஃபிளாட்ல நாலஞ்சு பேரு கேக்குறாங்க" என்றாள்.

பின்னாளில் கம்பெனியில் வந்த ஐந்நூறு லிட்டர் தொட்டியின் அட்டை எனக்கு மனப்பாடம். ஐந்து லிட்டருக்கு எழுத வேண்டும். இரண்டு பூஜ்ஜியத்தை வெட்டினால் போதும், அவ்வளவு சுலபம். நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அழகாக எழுதினேன். முதலில் கொஞ்சம் தண்ணீர், அதில் ஸ்லரி, பிறகு காஸ்டிக் 250 மி.லி. கொஞ்சம் கொஞ்சமாக, கடைசியில் மீதித் தண்ணீர். கீழே 'கையுறை அணியவும்' என்று எழுதி அடிக்கோடு போட்டேன். அடிக்கோடு போட்டபோது பெருமையாகக்கூட இருந்தது. படம் எடுத்து ஃபிளாட் குரூப்பில் போட்டேன். பதிலுக்குப் பூங்கொத்துப் படங்களாக வந்து விழுந்தன.

பத்து நாள் இருக்கும். ஒரு வியாழக்கிழமை காலை பதினோரு மணி. காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து ஓர் அலறல் கேட்டது. மனிதக் குரல் என்றே முதலில் தோன்றவில்லை.

நான் ஏறிப் போனபோது வித்யா வீட்டுக் கதவு திறந்திருந்தது. சமையலறைக்குப் பின்னால் துணி துவைக்கும் இடத்தில் செல்வி குந்தியிருந்தாள். செல்வி எங்கள் ஃபிளாட்டில் ஐந்து வீடுகளில் வேலை செய்பவள், என் வீட்டுக்கும் வருவாள். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி, ஒரு பக்கம் இளகிச் சாய்ந்திருந்தது. சுவரெல்லாம் பழுப்பு நுரை வழிந்தது, ஆவி வந்துகொண்டிருந்தது. லிக்விடைக் கலக்கும் வேலையைச் செல்வியிடம் கொடுத்துவிட்டு ஆபீஸ் வேலையில் இருந்த வித்யா, காதில் மாட்டிய ஹெட்போனைக்கூடக் கழற்றாமல் சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள்.

"கண்ணு எரியுதே! யம்மா, கண்ணு எரியுதே!"

என் கால் ஒரு கணம் நின்றது, கை நிற்கவில்லை. செல்வியை அப்படியே இழுத்துக்கொண்டு போய்க் குளியலறை ஷவருக்குக் கீழே உட்கார வைத்தேன். தலையைச் சாய்த்து, விரலால் இமைகளைப் பிரித்துப் பிடித்தேன். காரம் பட்ட இமை சோப்பு போல வழுக்கியது. அந்த வழுக்கலை என் விரல் இன்னும் மறக்கவில்லை.

"போதும்மா... வுடும்மா... மூச்சு முட்டுது" என்று செல்வி என் கையைப் பிராண்டினாள்.

எதிர்வீட்டு அம்மாள் ஒரு கிண்ணத்தில் எலுமிச்சம்பழச் சாற்றோடு ஓடி வந்தாள். "இதை ஊத்துங்க, அதை முறிச்சிடும்!"

"தண்ணி மட்டும்! வேற எதுவும் கிட்ட வரக் கூடாது!" என்று கத்தினேன். வேலை பார்த்த காலத்தில் ஒரு நாளும் அப்படிக் கத்தியதில்லை. கிண்ணம் அவள் கையிலிருந்து விழுந்து உடைந்தது.

வித்யாவை மணி பார்க்கச் சொன்னேன். இருபது நிமிஷம். பிறகு ஆட்டோவில், மடியில் செல்வியின் தலையை வைத்துக்கொண்டு, கண் ஆஸ்பத்திரி வாசல் வரை பாட்டில் பாட்டிலாக ஊற்றிக்கொண்டே போனேன். ஆட்டோக்காரர் வண்டி நனைவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

இடது கண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. வலது கண்ணில் கருவிழி வெந்துபோயிருந்தது. டாக்டர் வெளியே வந்து, "யார் தண்ணி ஊத்தினது? விடாம ஊத்தினதாலதான் கண்ணு மிஞ்சியிருக்கு. பார்வை எவ்வளவு வரும்னு இப்ப சொல்ல முடியாது" என்றார். இன்றைக்கு வரைக்கும் அந்தக் கண்ணில் அவளுக்கு ஆள் தெரிகிறது, முகம் தெரியவில்லை. இன்னொரு ஆபரேஷன் செய்து பார்க்கலாம் என்கிறார்கள்.

வீடு திரும்பி குரூப்பைத் திறந்தேன். அறுபது எழுபது செய்திகள் வந்திருந்தன. 'பத்மா ஆன்ட்டி இல்லேன்னா என்ன ஆகியிருக்கும்!' 'அனுபவம்னா இதுதான்.' கும்பிடும் கைகள். நடுவே இன்னொரு விதமும் இருந்தது. 'எவ்வளவோ தெளிவா எழுதிக் கொடுத்திருக்காங்க, அதைப் படிச்சு செய்யக்கூடவா தெரியாது?' 'படிக்காதவங்க கையில கெமிக்கலைக் குடுத்தா இப்படித்தான்.'

செல்வி ஒன்பதாவது வரை படித்தவள். ஆனால் நானும் அன்று அப்படித்தான் நினைத்தேன். அவசரத்தில் மொத்தமாகக் கவிழ்த்திருப்பாள், என்ன செய்வது, பாவம் என்று நினைத்தேன். அதை இங்கே மறைக்க விரும்பவில்லை.

மறுநாள் அந்த இடத்தைச் சுத்தம் செய்ய நானே மேலே போனேன். வேறு யாரும் அந்த நுரையைத் தொடக் கூடாது என்று சொல்லியிருந்தேன். மேடைமேல் காஸ்டிக் பொட்டலம் இருந்தது. அரைக் கிலோ பொட்டலம், உள்ளே வெள்ளைச் சில்லுகள். ஒரு கணம் அதை எதற்கு எடுத்தேன் என்றே தெரியவில்லை. பக்கத்தில் சமையலறைத் தராசு இருந்தது. வைத்தேன். இருநூற்றைம்பது காட்டியது. சரியாக இருநூற்றைம்பது. அப்படியானால் செல்வி போட்டதும் இருநூற்றைம்பதுதான். ஒரு கிராம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

ஃப்ரிட்ஜ் கதவில் என் தாளின் நகல் ஒட்டியிருந்தது. 'காஸ்டிக் 250 மி.லி.' என்பதில் மி.லி.யை நீலப் பேனாவால் அடித்து, மேலே 'கிராம்' என்று எழுதியிருந்தது.

"இது யார் வித்யா மாத்தினது?"

"நான்தான் ஆன்ட்டி. கடையில சில்லாத்தான் இருக்கு, லிக்விடா வராதுன்னாங்க. அதான் உங்ககிட்ட கேட்டேனே. நீங்ககூட ஓகே சொன்னீங்களே."

"நானா?"

அவள் போனைத் திறந்து காட்டினாள். 'ஆன்ட்டி, காஸ்டிக் 250 ml-னா 250 கிராம் போட்டுக்கலாம்தானே?' என்று கேட்டிருந்தாள். அதற்குக் கீழே என் பெயரில் ஒரு கட்டை விரல் உயர்ந்து நின்றது.

அந்த நாள் ஞாபகம் வந்தது. திருவேற்காடு கோயில் வரிசையில் நின்றிருந்தேன். பையில் போன் ஒலித்தது. ஒரு கையில் அர்ச்சனைத் தட்டு. எடுத்துப் பார்த்து, தண்ணீர் மாதிரிதானே, மில்லியும் கிராமும் ஒன்றுதான் என்று நினைத்து, விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பையில் போட்டேன். மொத்தம் இரண்டு விநாடி ஆகியிருக்கும்.

வித்யா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எதுவும் உறைக்கவில்லை. நான் மனதுக்குள் கணக்குப் போட்டேன். நான் எழுதிய இருநூற்றைம்பது மில்லி கரைசலில் இருக்கக்கூடிய காஸ்டிக் அறுபது கிராம் சொச்சம்தான். அவள் போட்டது அதைப்போல நான்கு மடங்கு. அதுவும் ஆறின தண்ணீர் இல்லை, பச்சைச் சில்லு. கம்பெனித் தொட்டியைச் சுற்றிக் குளிர்ந்த தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், அதனால்தான் அங்கே முதலில் கொஞ்சம் தண்ணீரில் கலக்கினோம். செல்விக்குக் கொடுத்தது ஒரு பிளாஸ்டிக் வாளி. இரண்டு பூஜ்ஜியத்தோடு சேர்த்து மாடத்துத் தொட்டியை, ஆற விட்ட ஒரு நாளை, கண்ணாடி போட்ட ஆளை எல்லாவற்றையும் நான் வெட்டியிருந்தேன்.

"என்ன ஆன்ட்டி? உடம்பு சரியில்லையா?" என்றாள் வித்யா.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

ஒண்ணுமில்ல என்று சொன்னேன். ஒன்பது நாள் அப்படியே இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனேன், பழம் வாங்கிப் போனேன், சொட்டு மருந்து நேரத்தை ஒரு தாளில் எழுதி ஒட்டினேன். செல்வி வீட்டுக்கு வந்த பிறகு இட்லி கொடுத்தனுப்பினேன். கீழே லிப்ட் அருகே ஒவ்வொருத்தரும் என் கையைப் பிடித்து, நல்ல நேரத்துக்கு இருந்தீங்க என்றார்கள். நானும் தலையை ஆட்டினேன். என்னைப் பற்றி எனக்கே இப்படி ஒன்று தெரியவரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

ஒன்பதாம் நாள் மதியம் ஆவடிப் பக்கம் சேக்காட்டிலிருந்து ஒரு செய்தி வந்தது. பேக்கிங் பிரிவில் என்னோடு வேலை பார்த்த மேரி. ஒரு படம் அனுப்பியிருந்தாள். நாள்காட்டித் தாள், என் கையெழுத்து, என் அடிக்கோடு. ஆனால் வித்யாவின் நீலப் பேனா 'கிராமும்' அதில் இருந்தது. அதற்கு மேலே யாரோ, 'முப்பது வருட அனுபவமுள்ளவர் தந்த அளவு, நம்பிச் செய்யலாம்' என்று சேர்த்திருந்தார்கள்.

'மேடம், இது உங்க கையெழுத்து மாதிரியே இருக்கே. எங்க சொந்தக்காரங்க குரூப்ல வந்துச்சு. என் மருமக சாமான் எல்லாம் வாங்கி வெச்சிட்டா. செய்யலாமா?'

பதில் எழுதத் தொடங்கினேன், எழுத்து தப்பித் தப்பி விழுந்தது. எழுதுவதை விட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டேன். "மேரி, அதைத் தொடாதே! தொடவே விடாதே!" என்று கத்தினேன். அவள் மருமகளிடம் பொட்டலத்தைப் பிடுங்கி வைக்கும் சத்தம் போனில் கேட்டது. மேரி கேட்டாள், அதனால் தெரிந்தது. கேட்காதவர்கள் எத்தனை பேர்? எந்தெந்த வீட்டில் எந்தெந்த வாளியில்?

செருப்பை மாட்டிக்கொண்டு நேரே செல்வி வீட்டுக்குப் போனேன். எங்கள் ஃபிளாட்டுக்குப் பின்தெருவில், ஒற்றை அறை. வாசலோரம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வலது கண்ணில் வெள்ளைக் கட்டு.

"வாம்மா. இன்னா இந்த வெயில்ல வந்துகிற? ஆள் வுட்டு சொல்லிருந்தா போதுமே."

எதிரே உட்கார்ந்தேன். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. ஞானசேகரன் சார் கேட்பதைத்தான் என் வாய் கேட்டது.

"செல்வி, அன்னைக்கு உன் கை என்னென்ன செஞ்சது? வரிசையாச் சொல்லு."

அவள் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சொன்னாள். "பக்கெட்டுல ஒரு லிட்டர் தண்ணி புடிச்சேன். அந்தப் பழுப்பு எண்ண மாறி கீறத ஊத்துனேன். கொம்பால கலக்குனேன். கையில உறை மாட்டிகினேன். வெள்ள சில்ல தராசுல வெச்சேன். இருநூத்தம்பது. கொஞ்சங் கொஞ்சமா போடுன்னு எழுதிகிது, அதனால ஸ்பூன்ல எடுத்து எடுத்துதான் போட்டேன். அடியில போயி கட்டியா குந்திக்கிச்சு. கலக்குனா அசையல. கொம்பால நெம்புனேன். அவ்ளோதாம்மா தெரியும். அப்பறம் மூஞ்சில வந்து அடிச்சிது."

அவள் சொன்னது ஒவ்வொன்றும் அந்தத் தாளில் இருந்தபடியேதான் இருந்தது.

"எங்கயோ தப்பு பண்ணிகிறேன்மா" என்றாள். "எங்க ஊட்டுக்காரும் அதான் சொல்றாரு. படிச்சவங்க எழுதிக் குடுத்தது எப்டிடி தப்பாவும், நீதான் முந்திரிக்கொட்ட மாறி எதுனா பண்ணிருப்பேன்றாரு. நானும் குந்திகினே ரோசன பண்ணிப் பாத்துகினு கீறேன். எந்த எடத்துல தப்புனேன்னு கெடைக்கவே மாட்டேங்குது. பைத்தியம் புடிச்சுடும் போலக் கீது."

"நீ எங்கேயும் தப்பலை செல்வி. எழுதினதுதான் தப்பு. எழுதினது நான். கிராமா போடலாமான்னு வித்யா கேட்டா. போடலாம்னு சொன்னதும் நான்தான்."

சுவரில் சாய்ந்திருந்தவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"ஒனக்கு எப்போ தெரியும்?"

"மறுநாளே."

"மறுநாளே தெரிஞ்சுகினு, இட்லி குடுத்து அனுப்பிகினு இருந்தியா?"

"ஆமா."

அவள் அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் அந்த ஒரு கண்ணால் என்னைப் பார்த்தாள். அவ்வளவு நேரம் யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"ஒங்க குரூப்புல என்னைப் படிக்காதது, ஒண்ணும் தெரியாததுன்னு போட்டுகிறாங்களாமே. மூணாவது மாடில வேல செய்ற லதா வந்து சொல்லிச்சு. நீயும் பாத்துகினுதான இருந்த?"

"பார்த்தேன்."

"அப்போ அதே குரூப்புல சொல்லு. எழுதாத. எழுதுனா நீ நல்லா எழுதுவ. வாயால சொல்லு. இங்க, என் எதுருல சொல்லு."

போனை எடுத்தேன். மைக் பொத்தானை அழுத்தினேன். "எல்லாருக்கும் வணக்கம். நான் பத்மா பேசறேன். நான் எழுதிக் கொடுத்த அளவுல ஒரு சின்னத் தவறு..."

"சின்னதா?" என்றாள் செல்வி.

அழித்தேன். மறுபடி அழுத்தினேன்.

"நான் பத்மா பேசறேன், இரண்டாம் மாடி. பாத்திரம் துலக்குற லிக்விடுக்கு நான் எழுதிக் கொடுத்த அளவு தப்பு. யாரும் அதைச் செய்யாதீங்க. யாருக்கெல்லாம் அனுப்பினீங்களோ அவங்களுக்கெல்லாம் இதையும் அனுப்புங்க. கிராம் கணக்குல போடலாம்னு சொன்னதும் நான்தான். செல்வி என் தாள்ல இருந்ததை ஒரு எழுத்து மாறாம செஞ்சா. அவ மேல ஒரு தப்பும் இல்ல. அவளுக்குக் கண்ணு போனது என்னால. இது எனக்கு மறுநாளே தெரியும். தெரிஞ்சும் சொல்லாம இருந்தேன்."

அனுப்பினேன். மேரிக்கும், எனக்குத் தெரிந்த எல்லாக் குரூப்பிலும் போட்டேன். உடனே போன் அதிரத் தொடங்கியது. எதையும் திறக்கவில்லை.

தெருமுனையிலிருந்து செல்வியின் கணவர் வருவது தெரிந்தது. பெயிண்ட் வேலை செய்பவர், சட்டையெல்லாம் வெள்ளைச் சொட்டு. என்னைப் பார்த்ததும் கும்பிட வந்தார். செல்வி அவர் கையைப் பிடித்துக் கீழே உட்கார வைத்தாள்.

"குந்து. இத்தக் கேளு" என்றவள் என்னிடம் திரும்பி, "போடும்மா" என்றாள்.

போட்டேன். அவர் தலையைக் குனிந்து கேட்டார். முடிந்ததும் செல்வியைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"இன்னொரு தபா போடு" என்றாள் செல்வி.

'ஒரு எழுத்து மாறாம செஞ்சா' என்ற இடம் வந்தபோது அவள் அழத் தொடங்கினாள். சத்தமில்லாமல், கட்டு நனைய நனைய அழுதாள். காயம் ஆறும் வரை அழவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எனக்குத்தான் முதலில் ஞாபகம் வந்தது. அன்றைக்கு அவளிடம் அதைச் சொல்லும் உரிமை எனக்கு இல்லை என்று, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.